கொடுத்தவர் அறியாத ஆய்வுகள்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் சூபாய் என்றொரு ஊர் இருக்கிறது. சாலை கிடையாது, தபால்கூடக் கோவேறு கழுதையின் முதுகில்தான் வந்து சேர்கிறது. அங்கே வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் சில நூறு பேர்தான். அவர்களிடையே நீரிழிவு கட்டுக்கடங்காமல் பரவியது. ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க உதவுமாறு, பல காலமாக நம்பிப் பழகிய ஒரு மானுடவியல் பேராசிரியரிடம் அவர்கள் கேட்டார்கள். அவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1990 முதல் 1994 வரை அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊர் மக்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டு போனார்கள்.

2003இல் அந்த இனத்துப் பெண் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைக் கேட்கப் போயிருந்தார். அங்கே விவரிக்கப்பட்டது தம் மக்களின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வு. அதற்கும் நீரிழிவுக்கும் தொடர்பே இல்லை. அனுமதி வாங்கினீர்களா என்று அவர் எழுந்து கேட்டார். தோண்டத் தோண்ட விஷயம் பெரிதானது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் மணம் முடிப்பதன் விளைவு, ஆதியில் அந்த இனம் எங்கிருந்து வந்தது என்று பல ஆய்வுகளுக்கு அதே ரத்தம் போயிருந்தது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது ஹவாசுபாய் மக்களின் நம்பிக்கை. அவர்கள் கொடுத்த ரத்தத்தைக் கொண்டே, உங்கள் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதினார்கள்.

பல்கலைக்கழகத் தரப்பின் வாதம் எளிமையானது. ஒப்புதல் படிவத்தில் நீரிழிவு என்று மட்டும் போடவில்லை; நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வது என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குறைவு. சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பிக் கையை நீட்டியவரிடம், படிவத்தின் வாசகத்தைக் காட்டி நீங்கள்தான் சம்மதித்தீர்கள் என்று சொல்வது சட்டத்தில் எடுபடலாம். நேர்மை ஆகாது.

வழக்குகளை எதிர்த்து நிற்கப் பல்கலைக்கழகம் 17 லட்சம் டாலர் செலவிட்டது. கடைசியில், 2010 ஏப்ரலில் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பி ஒப்படைத்தது. இதற்குள் அந்த இனம் பல்கலைக்கழகத்தாரைத் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று விலக்கிவிட்டது. நோயின் காரணத்தைத் தேடித் தொடங்கிய உறவே அற்றுப்போனது. தரவுப் பாதுகாப்பு விதிகள் ஆய்வின் கையைக் கட்டுகின்றன என்று வருந்தும் பேராசிரியர்கள் இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆய்வில் யார் பெயரும் வெளியே வராது என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகத் தரும் உறுதி. பெரும்பாலும் அதை மனதாரத்தான் தருகிறார்கள். ஆனால் பெயரை அழித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. 1990களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாது என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி சொன்னார். எம்.ஐ.டி. மாணவி லட்டான்யா ஸ்வீனி, ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் நோய் விவரம் அவர் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று ஸ்வீனி பிறகு கணக்கிட்டுக் காட்டினார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் நாராயணன், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து இதையே வேறொரு களத்தில் நிறுவினார். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பெயர் நீக்கி வெளியிட்ட திரைப்பட மதிப்பெண்களை, மக்கள் ஐ.எம்.டி.பி. தளத்தில் வெளிப்படையாக இட்ட மதிப்பெண்களோடு ஒப்பிட்டுச் சிலரை அவர்கள் அடையாளம் கண்டார்கள்.

ஹார்வர்டில் நடந்தது இன்னும் சங்கடமானது. ஒரு கல்லூரியில் ஒரே ஆண்டு சேர்ந்த சுமார் 1,700 மாணவர்களின் முகநூல் பக்கங்களிலிருந்து திரட்டிய தரவை, கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் 2008இல் பிற ஆய்வாளர்களுக்காக வெளியிட்டார்கள். நெறிமுறைக் குழு அனுமதித்திருந்தது. முகநூல் நிறுவனமும் அனுமதித்திருந்தது. மாணவர்களை யாரும் கேட்கவில்லை. மைக்கேல் ஜிம்மர் என்ற ஆய்வாளர் தரவைத் திறக்கவே இல்லை. அதோடு தந்த விளக்கக் குறிப்பையும் பொதுவெளியில் கிடைத்த தகவல்களையும் படித்தே அது ஹார்வர்டு கல்லூரி என்று சொல்லிவிட்டார். மாணவர்களின் பக்கங்களைத் திரட்டியவர்கள் அதே கல்லூரி வட்டத்து உதவியாளர்கள் என்பதால், வெளியாருக்குத் தெரியாத பக்கங்களும் தரவில் கலந்திருக்கலாம் என்பதையும் சுட்டிக்காட்டினார். தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சில சமயம் ஆய்வாளர் ரகசியம் காக்க விரும்பினாலும் முடியாது. வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களின் வாக்குமூலங்களை பாஸ்டன் கல்லூரி 2001 முதல் பதிவு செய்தது. நீங்கள் இறக்கும்வரை இவை வெளிவராது என்று சொல்லித்தான் பேச வைத்தார்கள். திட்ட இயக்குநருடன் கல்லூரி செய்த ஒப்பந்தத்தில் ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற பொருளில் ஒரு வரம்பு இருந்தது. பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் அது இல்லை. 2011இல் வட அயர்லாந்துக் காவல்துறைக்காக நீதிமன்ற ஆணை வந்தது. பதிவுகளில் சில கைமாறின. உயிரைப் பணயம் வைத்துப் பேசியவர்களுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதற்கு எந்த மன்னிப்பும் ஈடாகாது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்குத் தருகிறது. அந்த விலக்குக்கு நிபந்தனை உண்டு. திரட்டிய தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது; அரசு வகுத்த தரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். 2025 நவம்பரில் வந்த விதிகள் அந்தத் தரங்களைச் சொல்கின்றன: தேவையான அளவே திரட்டுவது, தேவைப்படும் காலம்வரை மட்டும் வைத்திருப்பது, பாதுகாப்பது, பொறுப்பேற்பது. ஆய்வு என்றால் சட்டம் நம்மைத் தொடாது என்று பல்கலைக்கழகங்கள் இதை வாசித்துக்கொண்டால் பெரும் பிழையாகும்.

மருத்துவ ஆய்வுகளுக்கு இங்கே பதிவு பெற்ற நெறிமுறைக் குழு கட்டாயம். வணிகவியலிலும் கல்வியியலிலும் சமூகவியலிலும் களஆய்வு செய்பவருக்கு அப்படியொரு சட்டக் கட்டாயம் இல்லை. சாதி, வருமானம், கடன், குடும்ப வன்முறை என்று யாரிடமும் சொல்லாதவற்றையெல்லாம் வினாநிரல் கேட்கிறது. கூகுள் ஃபார்மில் வந்த பதில்கள் ஆய்வு மாணவரின் சொந்தக் கணக்கில் கிடக்கும். எக்ஸெல் கோப்பு பென் டிரைவில் கைமாறும். ஊர்ப் பெயரை எழுதி, வயதையும் சாதியையும் எழுதி, கணவரை இழந்த பட்டதாரிப் பெண் என்று எழுதிவிட்டு, பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டால் என்ன பயன்? அந்த ஊரில் அப்படி ஒருவர்தான் இருப்பார். ஸ்வீனி 20 டாலர் கொடுத்து வாங்கிய வாக்காளர் பட்டியல், இங்கே வீட்டு எண்ணோடும் தந்தை அல்லது கணவர் பெயரோடும் இணையத்தில் இருக்கிறது. ஆய்வேடுகளும் சோத்கங்கா தளத்தில் ஏறுகின்றன; யாரும் திறந்து படிக்கலாம்.

ஒரு காரியம் செய்யலாம். 2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளுக்குப் பிறகு, ஆய்வேடு பிறர் எழுத்தைத் திருடியதல்ல என்று மென்பொருள் வழியே சோதித்த பிறகே ஏற்கப்படுகிறது. அதே கட்டத்தில் இன்னொரு சான்றும் கேட்கலாம்: யாரிடம் என்ன காரணம் சொல்லித் தகவல் வாங்கப்பட்டது, இப்போது அது எந்தக் கணினியில் இருக்கிறது, யார் யார் திறக்க முடியும், எந்தத் தேதியில் அழிக்கப்படும், சொன்னவர் வேண்டாம் என்று நினைத்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். ஆய்வு மாணவரும் வழிகாட்டியும் அதில் கையெழுத்திட வேண்டும். படிவத்தின் தமிழ்ப் படி ஒன்று பதில் சொன்னவர் வீட்டிலும் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றக் குழுவும் தன் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம்.