எடிட்டர் போடும் பாதை

உங்களில் பாதிப்பேர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். இன்றைக்கு உங்கள் வேலையில் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு வாய்ப்பாடு பழகும் பக்கம் ஒன்றைச் செய்ய நானும் விஎஸ் கோட் கற்றுக்கொண்டது பலருக்குத் தெரியும்.

பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பி பேத்தி, இன்னும் இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து டைப்ஸ்கிரிப்டில் ஒரு ப்ராஜெக்ட் செய்தாள். கல்லூரியில் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, கோப்புகளை ஒழுங்காக வைக்கலாம் என்று ஒரு ஃபோல்டரை வெட்டி வேறு இடத்தில் ஒட்டியிருக்கிறாள். அதையும் எடிட்டருக்கு வெளியே, விண்டோஸில் செய்திருக்கிறாள். திறந்து பார்த்தால் பக்கமெல்லாம் சிவப்புக் கோடு, 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று. "எனக்கு இதெல்லாம் வராது பாட்டி" என்று அழுதுகொண்டு வந்து உட்கார்ந்தாள். இந்த வாக்கியத்தை வகுப்பில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் தப்பு பிள்ளை மேல் இருக்காது.

இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரே கோப்பை ஓர் இடத்தில் '../../' என்று கூப்பிட்டிருக்கிறது, இன்னோர் இடத்தில் '@/' என்று கூப்பிட்டிருக்கிறது. ஏன் இப்படி எழுதினாய் என்றேன். "நான் எழுதல பாட்டி, அதுவா போட்டுக்குச்சு."

அவள் சொன்னது உண்மைதான். பெயரைத் தட்டினால் இம்போர்ட் வரியை எடிட்டரே போட்டுவிடும். அது எந்தப் பாதையைப் போடும் என்பதற்கு 'இம்போர்ட் மாட்யூல் ஸ்பெசிஃபயர்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது. நாம் தொடாமல் விட்டால் அது 'ஷார்ட்டெஸ்ட்'. பாதையில் எத்தனை துண்டு என்று எண்ணி, '@' வழி குறைவாக இருந்தால் மட்டும் அதைப் போடும், இல்லாவிட்டால் புள்ளி வழி. எடிட்டருக்கு இது ஒழுங்கான கணக்கு. படிக்கிற பிள்ளைக்கோ ஒரு வரி அப்படி, ஒரு வரி இப்படி.

இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான். புள்ளி வழி என்பது "நம்ம வீட்டிலிருந்து ரெண்டு வீடு தள்ளி" என்று சொல்வது. நாம் வீடு மாறினால் அந்த அடையாளம் உதவாது. '@' வழி தெருப்பெயரும் கதவு எண்ணும் போட்ட முகவரி.

அன்று ராத்திரி அதைக் கண்ணால் பார்த்தோம். இடம் மாறிய கோப்புகளுக்குள், வெளியே இருப்பதைக் கூப்பிட்ட புள்ளி வரிகள் விழுந்தன, '@' வரிகள் பிழைத்தன. வெளியிலிருந்து அந்த ஃபோல்டரைக் கூப்பிட்ட வரிகள் இரண்டு விதமும் விழுந்தன. ஆனால் '@' வரிகளில் பாதை எல்லா இடத்திலும் ஒரே எழுத்து. ஒரு தடவை தேடி மாற்றியதில் முடிந்தது. புள்ளி வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

எடிட்டருக்குள்ளேயே இழுத்துப் போட்டிருந்தால் "பாதைகளை மாற்றட்டுமா" என்று கேட்டிருக்குமே என்பீர்கள். கேட்கும், 2018லிருந்தே அந்த வசதி உண்டு. வெளியே நகர்த்தினால் கேட்காது என்பதை யார் அவளுக்குச் சொன்னார்கள்?

என் கருத்து இதுதான். கற்றுக்கொள்கிறவர்களின் ப்ராஜெக்டில் 'ஷார்ட்டெஸ்ட்' வேண்டாம். முதல் சில வாரம் 'ரிலேட்டிவ்' இருக்கட்டும். தான் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பிள்ளை விரல் வைத்து எண்ணிப் பழகும். '../../../' என்று மூன்று படி ஏற வேண்டி வந்ததும் 'நான்-ரிலேட்டிவ்' என்று மாற்றிவிடுங்கள். அதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் 'பாத்ஸ்' எழுத வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் அந்த '@' வரியை மாற்றித் தராது, அப்படியே விட்டுவிடும். அதனால் வைட் போன்ற கருவிக்கும் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். நான் இதில் இரண்டு நாள் முட்டிக்கொண்டேன்.

முக்கியமாக, இந்தத் தேர்வை அவரவர் கணினியில் வைக்காதீர்கள். இந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி எங்கேயோ வீடியோ பார்த்து மாற்றி வைத்திருந்தாள், மற்ற இருவரும் தொடவே இல்லை. ப்ராஜெக்டுக்குள்ளேயே '.விஎஸ்கோட்' ஃபோல்டரில் செட்டிங்ஸ் கோப்பு வைத்து, கிட்டில் சேர்த்துவிட்டால் மூவருக்கும் ஒரே பாதை விழும். பழைய வரிகள் தானாக மாறாது, அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் செட்டிங் வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பிள்ளைகள் மறுபடி குழம்பும்.

மறுநாள் காட்டிவிட்டு வந்தாள். ஓடியது. இப்போது செட்டிங்ஸ் கோப்பை அவளே எழுதி, மற்ற இருவருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

கம்பெனிகளில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களிடம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்கிறீர்களா, அல்லது ஒரு ராத்திரி அழுத பிறகா? கீழே எழுதுங்கள், பேத்திக்கும் காட்டுகிறேன்.