பின்வாசல் வீரர்கள்

கோல்ப்! அந்தப் பெயரைக் கேட்டதுமே நம் தோழர்கள் முகஞ்சுளிப்பார்கள். சீமான்களின் பொழுதுபோக்கு, பத்துப் பேர் உலவுவதற்கு நூறு ஏக்கர் பச்சைக் கம்பளம், மட்டைப் பையைச் சுமப்பதற்கு ஏழை வீட்டுப் பையன் ஒருவன் — இதிலே நமக்கென்ன பேச்சு என்று கேட்பார்கள். கேட்பதிலே நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பச்சைக் கம்பளத்தின் மீது தோட்டக்காரனும், கொத்தனும், தச்சனும் அணி கட்டி நின்று, தனவந்தர்களின் அணியோடு மட்டைக்கு மட்டை மோதிய வரலாறு ஒன்று இங்கிலாந்திலே உண்டு. ஆட்டத்தில் வென்ற பிறகு அவர்கள் எந்த வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள் தெரியுமா? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

கிளப்புக்கும் கிளப்புக்கும் நடக்கும் அமெச்சூர் போட்டி எப்படிப்பட்டது என்பதை முதலிலே சொல்லிவிடுகிறேன். காசுக்காக ஆடுவதல்ல அது. இந்தப் பக்கம் எட்டுப் பேர் என்றால் அந்தப் பக்கமும் எட்டுப் பேர். முதலாமவனுக்கு எதிரே முதலாமவன், கடைசி ஆளுக்கு எதிரே கடைசி ஆள். பதினெட்டுக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் குறைந்த அடியிலே பந்தைப் போட்டவனுக்கு அந்தக் குழி சொந்தம். அதிகக் குழிகளை வென்றவன் தன் கிளப்புக்கு ஒரு புள்ளி கொண்டுவருகிறான். சூரனுக்குச் சூரனாயினும் அவனால் ஒரு புள்ளிக்கு மேல் சம்பாதிக்க முடியாது. கடைசி ஆள் கொண்டுவருகிற புள்ளிக்கும் அதே மதிப்புத்தான். சில போட்டிகளில் இருவர் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிப்பார்கள். தோழன் புதரிலே போட்ட பந்தை நாம்தான் எடுத்து அடிக்க வேண்டும், முணுமுணுக்கக் கூடாது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வல்லவனுக்கும் வலிமை குறைந்தவனுக்கும் ஆட்டம் சமமாக இருக்க வேண்டுமென்று, வல்லவன் சில அடிகளை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பான். ஹாண்டிகேப் என்று பெயர். ஊரிலே எசமான் தோட்டக்காரனுக்குக் கூலி கொடுக்கிறார்; ஆடுகளத்திலோ தோட்டக்காரன் எசமானுக்குச் சலுகை கொடுக்கிறான்!

இந்த விசித்திரம் பிறந்த ஊர்களுள் ஒன்று டெவன் மாவட்டத்தின் வடகரையிலுள்ள நார்தாம். கடலோரமாக ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். அங்கே ஆடும் குதிரையும் மேய்க்கும் உரிமை ஊர்க் குடும்பங்களுக்கு உண்டு. அந்த உரிமைக்காரர்களுக்கு ‘பாட்வாலப்பர்’ என்று பெயர். சொந்த அடுப்பிலே பானை கொதிக்க வைப்பவன் என்று பொருள். எத்தனை அழகான பெயர்! உலை வைப்பவனுக்கு நிலத்திலே உரிமை. அந்த நிலத்திலே 1864-இல் கனவான்கள் வந்து குழி வெட்டி, கொடி நட்டு, கோல்ப் கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னாளிலே அதற்கு ‘ராயல்’ பட்டமும் வந்து சேர்ந்தது. நிலம் ஊருடையது, கிளப் கனவான்களுடையது. ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்ததோ மட்டைப் பை தூக்குகிற வேலை.

பை தூக்கிய பிள்ளைகள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? 1888-இல் நார்தாம் உழைப்பாளர் கோல்ப் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்து ஆட்களில் ஒருவர் ஜே. எச். டெய்லர். 1871-இல் பிறந்தவர், பதினோராம் வயதிலே பள்ளியை விட்டவர், மட்டைப் பை சுமந்தவர், தோட்ட வேலைப் பையனாக, கொத்தனுக்குச் சிற்றாளாக வேலை பார்த்தவர். பிற்காலத்திலே பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை ஐந்து முறை — 1894, 1895, 1900, 1909, 1913 — வென்றவர் இவரேதான்.

சசெக்ஸிலே பாரஸ்ட் ரோ என்ற ஊரிலும் இதே கதை. ஆஷ்டவுன் காட்டிலே மாடு மேய்க்கவும் புல் பூண்டு வெட்டவும் குடியானவர்களுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமைக்காக ஜமீன் பிரபுவோடு அவர்கள் நீதிமன்றம் வரை சென்று மல்லாடி ஆண்டுகள் பல ஆகிவிடவில்லை. அதற்குள் 1888-இல் காட்டிலே கோல்ப் கிளப் வந்தது. நாலாண்டு கழித்து, 1892-இல், அதன் அருகே உழைப்பாளிகளுக்கென்று கான்டலூப் சங்கம். பிரபுவின் வாரிசுக்கு உரிய பட்டப்பெயரையே சங்கத்துக்கும் சூட்டினார்கள். உரிமை கேட்டவனுக்குப் பெயரிலே பெருமை!

இப்படிப்பட்ட சங்கங்கள் பிறகு இங்கிலாந்து முழுதும் முளைத்தன. ‘ஆர்டிசன்’ சங்கங்கள் என்று அவற்றை அழைத்தார்கள். கைவினைஞர் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாக ஏற்பாடு இதுதான்: சந்தா மிகக் குறைவு. ஆனால் கனவான்கள் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன்பு ஆட வேண்டும். அல்லது அவர்கள் ஆடி முடித்துவிட்டுப் போன பிறகு, அந்தி வெளிச்சத்திலே ஆட வேண்டும். பெரிய கிளப் மாளிகைக்குள் கால் வைக்கக் கூடாது. ஒதுக்குப்புறத்திலே ஒரு கொட்டகை. அதற்குக் கைம்மாறாக, பெயர்ந்த புல்லை ஒட்டுவது, மணற்குழியைச் சமன் செய்வது போன்ற வேலைகளைச் செய்து தர வேண்டும். ஆடவும் வேண்டும், ஆடிய இடத்தைத் துடைக்கவும் வேண்டும்.

இதையும் பெருந்தன்மை என்பர் சிலர். முழுப் பொய்யென்று நான் தள்ளமாட்டேன். அந்த ஏற்பாடு இல்லையேல், ஆயிரக்கணக்கான தொழிலாளர் மட்டையைத் தொட்டே இருக்கமாட்டார்கள். பல ஊர்களிலே ஆண்டுக்கொருமுறை கிளப்புக்கும் கைவினைஞர் சங்கத்துக்கும் அணிப்போட்டி நடக்கும். பண்ணைச் சொந்தக்காரரும் பண்ணையாளும் எதிரெதிரே நிற்பார்கள். அன்று ஒரு நாள் கணக்கு குழியிலே விழும் பந்துக்குத்தான். குலத்துக்கு அல்ல, கோட்டுக்கு அல்ல. ஆனால் தோழர்களே, நாளெல்லாம் ஆடிப் பழகியவனையும், விடியற்காலையிலே பனியை மிதித்துக்கொண்டு ஒன்பது குழி ஆடிவிட்டு வேலைக்கு ஓடியவனையும் ஒரே கோட்டிலே நிறுத்துவதற்குப் போட்டி என்று பெயர் வைத்தார்களே, அதையும் மீறிக் கைவினைஞர் அணிகள் வென்றனவே, அந்த வெற்றிக்கு எத்தனை மடங்கு எடை போடுவது? மறுநாள் விடிந்தால் மீண்டும் கொட்டகை.

‘அமெச்சூர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். ஆசைக்காக ஆடுபவன் என்று அகராதி சொல்லும். ஆனால் ஹென்லி படகுப் பந்தயக்காரர்கள் 1879-இல் எழுதிய விதியிலே, கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலியாள் ஆகியோர் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று பச்சையாகவே கண்டது. துடுப்பு வலிக்கத் தேவையான புயம் இருப்பதே குற்றம்!

கோல்ப் உலகம் அவ்வளவு முரட்டுத்தனமாக எழுதவில்லை, நாசூக்காகச் செய்தது. 1885-இல் ஹாய்லேக்கிலே அமெச்சூர்களுக்கான முதல் பெரும்போட்டி. ஸ்காட்லாந்தின் கல்தச்சர் டக்ளஸ் ரோலண்ட் ஆட விரும்பினார். முந்தின ஆண்டு ஓபன் போட்டியிலே இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டு பரிசுப் பணம் வாங்கியவர் என்று சொல்லி அவரைத் தள்ளினார்கள். விதி விதிதானே என்கிறீர்களா? பொறுங்கள். அதே ஹாய்லேக்கின் செல்லப்பிள்ளை ஜான் பால், ஓட்டல் உரிமையாளரின் மகன், 1878 ஓபனிலே சிறுவனாக ஆடிச் சிறு தொகை ஒன்றைப் பரிசாக வாங்கியிருந்தார். அவர் அமெச்சூராகவே நீடித்தார்! கல்தச்சர் வாங்கினால் கூலி. ஓட்டல்காரர் மகன் வாங்கினால் நினைவுப் பொருள். ஜான் பால் மீது பழி சொல்லவில்லை. அவர் மகா வல்லவர், அடக்கமான மனிதர் என்றே சொல்கிறார்கள். நான் கேட்பது தராசைப் பிடித்த கையைப் பற்றி.

அந்த ஜான் பாலுக்கு எதிரே 27 ஆண்டுகள் கழித்து ஒரு கைவினைஞர் வந்து நின்றார். கான்டலூப் சங்கத்து ஏப் மிட்செல். 1910, 1911, 1912 ஆகிய மூன்றாண்டும் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் அமெச்சூர் அணியிலே ஆடியவர். 1912-இல் அமெச்சூர் பெரும்பட்டத்தின் இறுதி ஆட்டம். இடம் எது தெரியுமா? டெய்லர் பை சுமந்த அதே நார்தாம் கடலோரம்! ஜான் பாலுக்கு அப்போது 50 வயது, மிட்செலுக்கு 25. முப்பத்தாறு குழிகள் முடிந்தபோது இருவரும் சமம். முப்பத்தேழாவதும் சமம். முப்பத்தெட்டாவது குழியிலேதான் ஜான் பால் வென்றார். அவருக்கு அது எட்டாவது பட்டம். மிட்செல் அடுத்த ஆண்டே தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்டார். ஏன் ஆகமாட்டார்? ஆசைக்காக ஆடிக்கொண்டே இருக்க அவருக்கு ஓட்டலா இருந்தது?

பின்னாளிலே விதை வணிகர் சாமுவேல் ரைடர் அவரைத் தம் ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். ரைடர் கொடுத்த தங்கக் கிண்ணத்துக்காகத்தான் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இன்று அணி அணியாக மோதுகின்றன. கிண்ணத்தின் உச்சியிலே மட்டையோடு நிற்கிற சின்னஞ்சிறு உருவம் ஏப் மிட்செலுடையது. 1927-இல் முதல் போட்டிக்கு அணித்தலைவராகக் கப்பல் ஏற வேண்டியவர் அவர். குடல்வால் நோயால் போக முடியவில்லை. கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் எல்லாம் அந்தக் கிண்ணத்தைத் தூக்கி முத்தமிடுகிறார்கள். தலைமேலே தூக்குவது ஒரு கைவினைஞரை என்று அவர்களிலே எத்தனை பேர் அறிவார்கள்?

டெய்லர் மேலே ஏறிய பிறகு ஏணியை எட்டி உதைக்கவில்லை. 1901-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அமைக்க முன்நின்றார். 1921-இல் சிதறிக் கிடந்த கைவினைஞர் சங்கங்களை ஒரே அமைப்பாகத் திரட்ட உதவினார். ஆனால் அவர் செய்தவற்றுள் பெரிதென்று நான் கருதுவது வேறு. பின்வாசலை அகலப்படுத்தினால் மட்டும் போதாது, பொதுமக்களுக்கென்றே ஆடுகளம் வேண்டும் என்று அவர் வாதாடினார். லண்டன் ரிச்மண்ட் பூங்காவிலே 1923-இல் பொது ஆடுகளம் திறக்கப்பட்டதிலே அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சலுகையாகத் தந்த நேரத்தை, தந்தவன் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பல கைவினைஞர் சங்கங்கள் பின்னாளிலே அப்படித்தான் மறைந்தன; நிலம் அவர்களுடையதாக இல்லை.

நிலம் பொதுவாக இருந்தால் என்ன நடக்கும்? அதற்கும் சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். ஊர் நடுவே இருந்த பழைய புல்வெளியிலே கூட்டம் பெருகி ஆட இடமில்லாமற் போனபோது, நகராட்சி பிரெய்டு குன்றுகளை வாங்கி 1889-இல் ஆடுகளமாகத் திறந்துவிட்டது. மாளிகை வைத்திருப்பவன்தான் கிளப் நடத்தலாம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்தால் ஒரு கிளப். ஒரு தெருக்காரர்கள் சேர்ந்தால் ஒரு கிளப். ஒரு சாண் நிலம் கிடையாது, ஒரு செங்கல் கிடையாது, ஆனாலும் கிளப்! ஆட்கள் இருந்தார்கள், அது போதுமாயிருந்தது.

மறு ஆண்டு, 1890-இல், அந்நகரின் மாலைப் பத்திரிகை ‘ஈவினிங் டிஸ்பாட்ச்’ இந்த அணிகளுக்கென்று ஒரு கிண்ணம் வைத்தது. அணிக்கு நால்வர், இரண்டு இரண்டு பேராக, இணைக்கு ஒரு பந்து. விடியற்காலை, அந்தி என்ற பாகுபாடு கிடையாது. எல்லா அணிக்கும் ஒரே குன்று, ஒரே காற்று. அங்கே தோற்றவன் ஆட்டத்திலேதான் தோற்றான்.

பத்திரிகை 1963-இல் வேறொரு பத்திரிகையோடு இணைந்து பெயரை இழந்தது. கிண்ணத்துக்கு மட்டும் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குன்று நகரத்தாருடையது, இன்றும் நால்வர் நால்வராக அதற்காக ஏறி வருகிறார்கள்.