மாணவரின் கணக்கும் மறைக்கப்படும் கணக்கும்

ஆண்டுதோறும் புதுமுக மாணவர் பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைக்கும்போது அவர்களுக்கு வழங்கப்படும் அறிவுரைகளுள் இரண்டு தவறாது இடம்பெறுவன. வரவறிந்து செலவு செய்க என்பது ஒன்று. காலத்தை வீணாக்காதே என்பது மற்றொன்று. பெரியோர் நல்லெண்ணத்துடன் கூறும் இவற்றை எதிர்த்து எழுதுவது ஊதாரித்தனத்துக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலருக்குத் தோன்றலாம். நாம் சிக்கனத்தின் பகைவரல்லர். இவ்வறிவுரைகளின் அடியிற் கிடக்கும் பிழையான எடுகோள் ஒன்றினையே ஈண்டு மறுக்க முற்படுகின்றோம். பணக்கணக்கையும் காலக்கணக்கையும் தனித்தனி ஏடுகளில் எழுதலாம் என்பதும், இரண்டிலும் தோன்றும் பற்றாக்குறைக்கு மாணவனின் ஒழுங்கீனமே காரணம் என்பதுமே அவ்வெடுகோளாகும். நடைமுறை இதற்கு மாறானது. பணமில்லாத மாணவன் தன் காலத்தை விற்றே மாணவனாக இருக்கின்றான். அவ்விற்பனை எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை.

மாதவாரியாக வரவையும் செலவையும் இரு நிரல்களில் எழுதும் முறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குவோம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ‘மணியோடர் பொருளாதாரம்’ எனப்பட்ட ஒன்றினாலேயே வாழ்ந்தன. தந்தையோ மூத்த மகனோ தென்னிலங்கையில் அரசாங்க எழுதுவினைஞராக இருப்பார். மாதந்தோறும் குறித்த நாளில் தபாற்காரர் படலையடியில் மணி அடிப்பார். அப்பணம் கொட்டப்பெட்டிக்குட் புகுமுன்னரே கடைக்காரனுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு எனப் பகுக்கப்பட்டுவிடும். உத்தியோகத்தரின் வீட்டுக்கு இயல்பாக அமைந்த இந்த ஒழுங்கு நாளடைவில் சமூகம் முழுவதற்குமான நல்லொழுக்கமாக உயர்த்தப்பட்டது. மாதச் சம்பளம் உடையவனின் பழக்கம், அஃதில்லாதவனை அளக்கும் கோலாயிற்று.

ஆனால் இன்று பல்கலைக்கழக வாயிலுக்கு வருவோர் யாவரும் உத்தியோகத்தரின் பிள்ளைகளல்லர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்யும் குடும்பத்துக்கு வருமானம் அறுவடையோடு வருவது. அதுவும் சந்தை விலையைப் பொறுத்தது. 1970 தொடக்கம் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் எங்கள் கமக்காரருக்கு வளத்தைத் தந்தன. 1977இன் பின்வந்த திறந்த பொருளாதாரம் அவ்வளத்தைச் சரித்தது. அக்கமக்காரர் திடீரெனச் சோம்பேறிகளாகவோ செலவாளிகளாகவோ மாறிவிட்டனர் என்று எவரும் சொல்லத் துணியார். கடற்றொழிலாளியின் வருமானமோ நாளாந்தம் மாறுவது. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும் வாரங்களில் அது இல்லை. இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் சென்ற இரவுக்குப் பின் கடனே எஞ்சும். மலையகத் தோட்டத்திலிருந்து வரும் மாணவியின் வீட்டுக்குப் பணம் நாட்கூலியாக வருகின்றது. இவர்கள் அனைவரும் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ எடுத்த அறைக்கு வாடகையை மட்டும் மாதந்தவறாது கொடுத்தாக வேண்டும். வரவு பருவத்தையும் காற்றையும் பார்த்து வர, செலவு நாட்காட்டியைப் பார்த்து வருகின்றது. இந்த முரண்பாட்டைக் கணக்குப் புத்தகத்தின் கோடுகள் தீர்த்து வைக்கமாட்டா.

‘அதற்குத்தானே அரசு உதவுகின்றது’ என்பர் சிலர். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராயிருந்த காலத்தில், 1981இல் சட்டவாக்கம் பெற்ற மகாபொல நம்பிக்கை நிதியம் பல்லாயிரம் ஏழை மாணவரைப் பட்டதாரிகளாக்கியது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் 2022ஆம் ஆண்டைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களின் விலையேற்றம் மட்டும் 94.9 சதவீதம். மகாபொல உதவித்தொகையோ 5,000 ரூபா அளவிலேயே நின்றது. ஓராண்டுக்கு முன்னர் ஏறத்தாழ 2,565 ரூபாவுக்குக் கிடைத்த உணவை வாங்கவே அந்த 5,000 ரூபாவும் வேண்டியிருந்தது என்பது இதன் பொருள். ஆண்டின் தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்சப் பேருந்துக் கட்டணம் யூலையில் 40 ரூபாவாயிற்று. உதவித்தொகையை 7,500 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவு 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலேயே வந்தது. அதுவும் நாளொன்றுக்கு 250 ரூபாதான். இடைப்பட்ட காலத்தை மாணவன் எதைக்கொண்டு நிரப்பினான்? தன் வயிற்றைக்கொண்டும் தன் நேரத்தைக்கொண்டுமே நிரப்பினான்.

பணப் பற்றாக்குறை காலப் பற்றாக்குறையாக உருமாறும் விதம் நாம் நாளும் காண்பது. யாழ்ப்பாண நகரிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ளது பருத்தித்துறை. அறை வாடகையை மிச்சப்படுத்த எண்ணும் வடமராட்சி மாணவன் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களைப் பேருந்தில் விடுகின்றான். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அந்தத் தெரிவும் இல்லை. குறிகட்டுவான் வரை தரைவழியும், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் படகுப் பயணமும் நாளாந்தம் இயலாதவை. ஆகவே அவன் வாடகை கொடுத்தே தீரவேண்டும். அவ்வாடகைக்காக மாலையில் தனியார் வகுப்புகளிற் சிறுவருக்குக் கணிதமோ ஆங்கிலமோ கற்பிக்கின்றான். நூல் வாங்க வழியில்லாதவன் நூலகத்திலுள்ள ஒரே பிரதிக்காகக் காத்திருக்கின்றான். மடிக்கணினி இல்லாதவன் நண்பன் உறங்கிய பின்னர் அவனுடையதை இரவல் பெற்று ஒப்படையைத் தட்டச்சுச் செய்கின்றான். காலையில் விரிவுரை மண்டபத்தில் அவன் கண்ணயர்ந்தால், ‘காலத்தைத் திட்டமிடத் தெரியாதவன்’ என்னும் சான்றிதழ் உடனே கிடைத்துவிடுகின்றது. வசதியுள்ள மாணவன் பணங்கொடுத்து வாங்கிய நேரத்தில் படிக்கின்றான். வசதியற்றவன் நேரத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்குகின்றான். பரீட்சை மண்டபத்தில் இருவருக்கும் தரப்படுவது அதே மூன்று மணித்தியாலம்.

பற்றாக்குறை பறிப்பது நேரத்தை மட்டுமன்று. தமிழகத்தின் கரும்புச் செய்கையாளரிடையே நடாத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று இங்கு மனங்கொளத்தக்கது. அதே விவசாயிகள், கையில் பணமில்லாத அறுவடைக்கு முற்பட்ட நாள்களில், அறுவடைக்குப் பிந்திய நாள்களிலும் பார்க்கச் சிந்தனைத் திறன் சோதனைகளிற் குறைந்த பெறுபேறுகளைக் காட்டினர். மனிதர் மாறவில்லை, மடியின் நிலையே மாறியது. கடனையும் வாடகையையும் எண்ணிக்கொண்டிருக்கும் மனத்திற் பாடத்துக்கு எஞ்சும் இடம் சிறிது. ஏழை மாணவனின் கவனக்குறைவைக் குணக்கேடாகக் காண்போர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கின்றனர்.

இனி, காலத்தை வீணாக்காதே என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்போம். வழமையாக ஓகஸ்டில் நடைபெற்றுவந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 சனவரியிலேயே தொடங்கிற்று. பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் இளைஞர் காத்திருந்த மாதங்களை யார் கணக்கிட்டனர்? 2020இல் பெருந்தொற்றினால் வகுப்பறைகள் மூடப்பட்டன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. 2012இல் விரிவுரையாளரும் 2024இல் கல்விசாரா ஊழியரும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்தனர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்ற 2012ஆம் ஆண்டின் கோரிக்கை நியாயமானது. அதனை நாம் முழுமனத்துடன் ஆதரிப்போம். ஆயினும் அரசின் பிடிவாதத்துக்கான விலையைச் செலுத்தியது மாணவனின் வயது. எங்களுக்கு முந்திய தலைமுறை 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் இழந்த ஆண்டுகளையோ சொல்லவேண்டியதில்லை. ஆண்டுகளைக் கணக்கின்றிச் செலவழித்த ஓர் அமைப்பு, நிமிடங்களைச் சேமிக்குமாறு மாணவனுக்குப் போதிக்கின்றது! காலை எட்டு மணிக்கு ஒரு விரிவுரையையும் மாலை மூன்று மணிக்கு மற்றொன்றையும் வைத்து நேரசூசி தயாரிப்போரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மாணவியரின் காலம் பற்றித் தனியே கூறல் இன்றியமையாதது. கலைப்பீட வகுப்பறைகளிற் பெரும்பான்மையினர் அவர்களே. எனினும் வீட்டிலிருந்து வரும் மாணவி அடுப்படி வேலையை முடித்துவிட்டே பேருந்தேறுகின்றாள். பொழுதுபடுமுன் திரும்பியும் ஆகவேண்டும். மாலை வகுப்பெடுத்துச் சம்பாதிக்கும் வாய்ப்பும், நூலகத்தில் நெடுநேரம் இருக்கும் வாய்ப்பும் அவளுக்கு ஒருங்கே மறுக்கப்படுகின்றன. வீட்டில் அவள் செய்யும் வேலைக்குக் கூலியுமில்லை, கணக்குமில்லை. தம்பியின் படிப்பு நேரத்தைக் காக்கும் தாய், மகளின் படிப்பு நேரத்தை நேரமென்றே எண்ணுவதில்லை.

எம்மை மறுப்போர் கூறுவது யாதெனில், மாணவர் கையடக்கத் தொலைபேசியிலும் கேளிக்கையிலும் பணத்தையும் பொழுதையும் அழிக்கின்றனர் என்பதே. அழிப்போர் உளர். ஆயின் வறுமையை விளக்க இது போதுமா? இங்கிலாந்தின் யோர்க் நகரை ஆராய்ந்து 1901இல் நூலெழுதிய சீபோம் றவுண்ட்றி, வறுமையை இரண்டாகப் பிரித்தார். எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டாலும் உயிர்வாழ்வுக்குப் போதாத வருமானம் முதல்வகை. போதிய வருமானம் பிறவழிகளிற் கழிவதால் வருவது இரண்டாம்வகை. முதல்வகையினனுக்கு இரண்டாம்வகையினனுக்குரிய மருந்தைக் கொடுப்பதே எங்கள் அறிவுரையாளர் செய்யும் தவறு.

அதேவேளை எம்மவர் குற்றத்தையும் மூடிமறைத்தலாகாது. வரவேற்பு விழாவுக்கு, சுற்றுலாவுக்கு, அணிக்கான சட்டைக்கு, பிரியாவிடைக்கு எனச் சேர்க்கப்படும் பணம் அரசு வசூலிப்பதன்று. நாமே நம்மிடம் வசூலிப்பது. கொடுக்க இயலாதவன் ‘இல்லை’ என்று சொல்ல வெட்கி, இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுக் கொடுக்கின்றான். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் வந்தது. கூட்டத்தின் முன் ஒருவனின் வறுமையைக் கூச வைக்கும் இப்பணச்சேர்ப்பும் அதன் நாகரிகமான தம்பியே. உண்டியற் பணத்துக்கு ஊர்க் கோயில்களிடம் கணக்குக் கேட்கும் நாம், எங்கள் சங்கங்களின் பணத்துக்குக் கணக்குக் காட்டுகின்றோமா?

வள்ளுவரை இவ்விடயத்தில் மேற்கோள் காட்டாத மேடை இல்லை. வரவின் சிறுமையிலும் செலவின் பெருக்கமே கேடு என்னும் கருத்து ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வருவது. அடுத்து நிற்பது ‘காலமறிதல்’. இவ்விரண்டும் பொருட்பாலின் அரசியற் பகுதியில் வைக்கப்பட்டுள்ளன என்பதை மேடைப் பேச்சாளர் மறந்துவிடுகின்றனர். அளவறிந்து செலவிடவும் காலமறிந்து செயற்படவும் வள்ளுவர் முதற்கண் பணித்தது ஆள்வோனையே. அரசனுக்குக் கூறிய புத்தியைக் குடியின் பிள்ளைக்கு மட்டும் ஓதுவது வசதியான வாசிப்பாகும்.

அவ்வாறாயின் மாணவர் கணக்கெழுத வேண்டாமா? எழுதவேண்டும் என்பதே எமது முடிவு. ஆனால் குற்றவுணர்வினால் அன்று, சாட்சியமாக எழுதவேண்டும். மாதத்தை விடுத்து வாரத்தை அலகாகக் கொள்வது ஒழுங்கற்ற வரவுடையோருக்குப் பொருந்தும். பணம் வந்த அன்றே வாடகையைப் புறம்பாக எடுத்துவைத்தல், உலையில் இடுமுன் பிடியரிசி எடுத்துவைத்த எங்கள் ஆச்சிமாரின் அறிவு. பணத்தின் பக்கத்தில் நேரத்தையும் எழுதுக: பேருந்தில் இத்தனை மணி, கூலிக்குக் கற்பித்தது இத்தனை மணி, வீட்டுவேலை இத்தனை மணி, காத்திருந்தது இத்தனை மணி, தொலைபேசியில் வீணே கழித்ததும் இத்தனை மணி. உண்மை எழுதுவோர் தம்மையும் தப்பவிடலாகாது. ஒருவனின் ஏடு அவனுடைய சுமை மட்டுமே. நூறு பேரின் ஏடுகள் ஒன்றுசேர்ந்தால் அஃது ஆய்வாகும், மறுக்கவியலாத கோரிக்கையுமாகும். உதவித்தொகை குறித்த நாளில் தவறாது வழங்கப்படுதல், விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து அது உயர்தல், தொலைவிலிருந்து வருவோரை மனத்திற்கொண்டு நேரசூசி அமைத்தல், மாணவர் சங்கப் பணச்சேர்ப்புகள் விருப்பத்துக்குரியனவாகவும் கணக்குக் காட்டப்படுவனவாகவும் இருத்தல் ஆகியவற்றை அவ்வேடுகளைக் கையில் வைத்துக்கொண்டே நாம் கேட்கவேண்டும்.

1945இல் இந்நாட்டிற் கல்வி இலவசமாக்கப்பட்டது. வகுப்பறைக்குட் புகுவதற்குக் கட்டணமில்லை என்பது பெரும்பேறு. ஆனால் மாணவனாக வாழ்வதற்கு விலை உண்டு. அவ்விலையைச் சிலர் பணத்தாலும் பலர் இளமையாலும் செலுத்துகின்றனர். இளமையாற் செலுத்துவோரைப் பார்த்துக் கணக்குக் கேட்கின்ற சமூகம், தன் கணக்கேட்டையும் ஒருமுறை விரித்துக் காட்டட்டும்.