விழுந்த பிறகு வரும் எஸ்எம்எஸ்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். "முதியோருக்கான ஃபால் டிடெக்‌ஷன்" என்று ஒன்றாவது கண்ணில் படும். ஒரு ஆர்டுயினோ, ஒரு எம்பியூ6050 சென்சார், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல். தாத்தா விழுந்தால் சென்சார் கண்டுபிடிக்கும், மகனுக்கு எஸ்எம்எஸ் போகும். டெமோவில் பேண்டைத் தூக்கி மெத்தை மேல போடுவோம், மெசேஜ் வரும், கைதட்டல் கிடைக்கும்.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: தாத்தா ஏன் விழணும்?

டிடெக்‌ஷனே வேண்டாம்னு சொல்லல. தனியா இருக்கிறவர் விழுந்து, எழ முடியாம மணிக்கணக்கா தரையில கிடந்தா அதுவே உயிருக்கு ஆபத்து. அங்கே இந்தக் கருவி கண்டிப்பா உதவும். ஆனா குளிக்கப் போறவங்க முதல்ல கழட்டி வைக்கிறது கையில கட்டியிருக்கிறதைத்தான். வழுக்குற இடத்துல சென்சார் இல்லை!

இது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். உயிர் பிழைத்தாலும், இடுப்பெலும்பு முறிந்த ஒருவர் பழையபடி நடப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

குளிர்கால வீழ்ச்சி என்றால் பனி கொட்டுற நாடுகளோட பிரச்சினைன்னு நினைக்காதீங்க. நமக்கு மார்கழியே போதும். வடகிழக்குப் பருவமழை முடியும்போது கொல்லைப்புறத் தரையிலும் துவைக்கிற கல்லைச் சுற்றியும் பாசி பிடித்திருக்கும். விடியறதுக்கு முன்னாடி இருட்டுல எழுந்து வாசல் தெளிச்சு கோலம் போடுறாங்க. குளிரில் தசை இறுகும், கால் மெதுவாத்தான் ஒத்துழைக்கும். சிறுநீரும் அதிகம் சுரக்கும், ராத்திரியில கூடுதலா ஒரு தடவை எழணும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தா ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுத்தும். சுடுதண்ணில குளிச்சு எழும்போதும் அதேதான். இதுக்கு மேல தரையில இழுபடுற சால்வை, அடிப்பக்கம் தேய்ஞ்சு வழவழன்னு ஆன ரப்பர் செருப்பு, பளபள டைல்ஸ் மேல சாக்ஸ்.

முதல் வருஷம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் ஏணிக் கணக்கு போட்டது ஞாபகம் இருக்கா? ஏணி சுவரில் சாய்ந்திருக்கு, எந்தக் கோணத்தில் வழுக்கும்னு கண்டுபிடிக்கணும். ஈர டைல்ஸில் கால் வைக்கும் பாட்டியும் அதே உராய்வுக் கணக்குதான். நாம ஏணிக்கு மட்டும் விடை எழுதிட்டு வந்துட்டோம்.

விடை பெரிய டெக்னாலஜி இல்லை. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி. டவல் மாட்டும் கம்பி ஆளோட எடையைத் தாங்காது, சுவரில் ஆழமா போல்ட் போட்ட கம்பிதான் வேணும். குளிக்க வழுக்காத, ஆடாத ஸ்டூல். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி எரியும் சின்ன விளக்கு. நிலைப்படி விளிம்பில் பளிச்சென்று தெரியும் டேப். பாசியைத் தேய்த்துக் கழுவ பிரஷ்ஷும் ப்ளீச்சிங் பவுடரும். புது டைல்ஸ் வாங்கும்போது கலரை மட்டும் பார்க்காம, வழுக்கல் தரத்தையும் கேளுங்க. ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் உண்டு. எண் ஏற ஏறப் பிடிப்பு கூடும்.

இங்கேதான் நம்ம வீடுகள் ஒரு தப்பு பண்ணுது. ஒருமுறை தடுமாறினதும், "இனிமே கோயிலுக்கெல்லாம் போக வேண்டாம், பேசாம உட்காருங்க" என்கிறோம். பாசமாத்தான் சொல்றோம். ஆனா நடக்காத காலில் தசை கரையும், தசை கரைந்தா இன்னும் சுலபமா விழுவாங்க. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2019-இன் காக்ரேன் அறிக்கை, உடற்பயிற்சி செய்கிற முதியோரிடம் வீழ்ச்சிகள் சுமார் 23 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்கார்வது, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது போன்ற எளிய பயிற்சிகளில் ஆரம்பிக்கலாம். கண்புரை இருக்கான்னு பாருங்க. பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ தலை சுத்த வைக்குதுன்னா நீங்களா நிறுத்தாம டாக்டரிடம் கேளுங்க.

இன்னொரு விஷயம். பெரியவங்க விழுந்ததை மறைப்பாங்க. சொன்னா வெளியே விட மாட்டாங்கன்னு தெரியும். கம்பி போடலாமான்னு கேட்டா, "எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?" என்பாங்க. அதனால "உங்களுக்காக" என்று ஆரம்பிக்காதீங்க. "இந்தத் தரை எல்லாருக்குமே வழுக்குது, ஒரு கம்பி போட்டுடலாம்" என்று சொல்லிப் பாருங்க. அது பொய்யும் இல்லை.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. போனதும் விளக்கை அணைச்சுட்டு, தாத்தா பாட்டி படுக்கிற இடத்திலிருந்து பாத்ரூம் வரை மெதுவா ஒருமுறை நடந்து பாருங்க. கை எங்கே பிடிமானம் தேடுதோ அங்கே ஒரு பென்சில் கோடு போடுங்க. மறுநாள் காலையில ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்புங்க. இந்த ப்ராஜெக்ட்டுக்கு வைவா கிடையாது. எஸ்எம்எஸ்ஸும் வராது. வரவே கூடாது.