விசுவாசம் யாருக்கு?

2025 நவம்பரில் சென்னைக் கிரிக்கெட் அணியின் முதலாளிகள் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக் கொண்டார்கள். சாம்சனுக்கு 18 கோடி ரூபாய் சம்பளம். ஜடேஜாவுக்கு இருந்த 18 கோடி 14 கோடியாயிற்று. தம்மை விட்டுவிடும்படி சாம்சன் முன்னமேயே ராஜஸ்தான்காரர்களைக் கேட்டுக் கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. உடனே மயிலாப்பூர் காப்பிக் கடையிலிருந்து அடையாறு பஸ் நிறுத்தம் வரையில் ஒரே பேச்சு: "உப்பிட்டவரை மறக்கலாமா? விசுவாசம் வேண்டாமா?"

இந்த விசுவாசம் என்பது எப்பொழுதும் வேலை செய்கிறவன் தலையிலேயே ஏன் கட்டப்படுகின்றது என்று கேட்கின்றோம். சுரேஷ் ரெய்னா 2008 முதல் சென்னைக்கு ஆடினவர். "சின்னத் தல" என்று கொண்டாடப்பட்டவர். 2022 ஏலத்தில் 2 கோடிக்கு அவரைக் கேட்க ஒருவரும் இல்லை. சென்னை முதலாளிகளும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு உப்பு என்னவாயிற்று? ஜடேஜாவோ 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் 10 ஓட்டம் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவரே வாலிபராயிருந்த காலத்தில், ராஜஸ்தானில் இருந்துகொண்டு வேறு அணியோடு பேரம் பேசினார் என்பதற்காக 2010-ல் ஒரு வருஷம் ஆடக்கூடாதென்று தள்ளி வைக்கப்பட்டார். முதலாளி பேரம் பேசினால் வியாபாரம், ஆட்டக்காரன் பேசினால் குற்றம்! இது எந்த ஊர் நியாயம்?

கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று சிலர் சொல்லக்கூடும். அவருக்காக நாமும் கண்ணீர் விடவில்லை. ஆனால், எங்கே வேலை செய்வது என்று கேட்பதே நன்றி கெட்டதனம் என்கிற புத்தியைத்தான் நாம் கண்டிக்கின்றோம். அந்தப் புத்தி சேப்பாக்கம் மைதானத்தோடு நிற்பதில்லை. தியாகராயநகர் துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கின்ற பெண் உட்காருவதற்கே 2021-ல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. நாளைக்கு அவள் அடுத்த கடையில் 500 ரூபாய் அதிகம் என்று போனால், அவளுக்கும் இதே பெயர்தான்.

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவர்களின் கதையையும் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைக் கட்டி வைத்திருந்த விதியை எதிர்த்து, 1970-ல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரான ஆஸ்கர் ராபர்ட்சன் என்னும் நீக்ரோவர் சகாக்களுடன் வழக்குப் போட்டார். 1976-ல் சமரசமாகி, கட்டு தளர்ந்தது. அந்தப் பலத்தின் மேல் நின்றுதான் 2019-ல் ஆன்டனி டேவிஸ் "என்னை மாற்றி விடுங்கள்" என்று பகிரங்கமாய்க் கேட்டு, 50,000 டாலர் அபராதமும் கட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஈடாக அனுப்பப்பட்ட மூன்று வாலிபர்களோ போகிறோம் என்று கேட்டவர்களல்லர். 2025 பிப்ரவரியில் அதே டேவிஸை, அவர் கேளாமலேயே, டல்லஸுக்கு அனுப்பி விட்டார்கள். நட்சத்திரமும் மூட்டையாக எத்தனை நாள் ஆகும்!

நம் நாட்டில் ஏலத்திற்குப் பின் மாற்றுவதானால் ஆட்டக்காரனின் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கின்றது, நல்லதே. ஆனால் முதல் ஏலத்தில் எந்த ஊர் என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. 18 கோடிக்காரரின் சம்மதத்திற்கு மதிப்புண்டு. 30 லட்சம் அடிப்படை விலைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் பையன் மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கட்டும்! 2019-ல் ஏற்பட்ட கிரிக்கெட்டுக்காரர் சங்கமோ ஆடி ஓய்ந்தவர்களுக்கு மட்டுமே. இன்று ஆடுகிறவர்களுக்கென்று ஒரு சங்கமில்லை. ராபர்ட்சன் தம் பெயரையும் புகழையும் சங்கத்திற்காகச் செலவிட்டார். சாம்சனும் ஜடேஜாவும் தம் செல்வாக்கை அந்தப் பையனுக்காக என்றைக்குச் செலவிடப் போகிறார்கள்?