மலையையும் அளந்து வைக்க வேண்டும்

அந்தமானில் மழை வலுத்தால் நெடுஞ்சாலையில் எங்கேனும் மண் சரிந்தது, போக்குவரத்து நின்றது என்ற செய்தி வருவது வழக்கமாகிவிட்டது. மண்ணை வாரி எறிந்து சாலையைத் திறந்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. சரிந்த மண் எவ்வளவு, சரியக் காத்திருப்பது எவ்வளவு என்பது தெரிய வேண்டாமா?

2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கின் அடிப்பாகத்தைக் கடல் சூழ்ந்ததால் பாமரரும் அதைக் கண்டறிந்தனர். மலைச் சரிவுக்கு அப்படியோர் அளவுகோல் இல்லை. இத்தீவுகளில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காடு. வானிலிருந்து புகைப்படம் எடுத்தால் மரத்தலைகள் தெரியுமேயன்றித் தரையின் வெடிப்பு தெரியாது.

இதற்கு வழி உண்டு. விமானத்திலிருந்து விநாடிக்கு லட்சக்கணக்கில் லேசர் ஒளியைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். 'லைடார்' என்பது இம்முறையின் பெயர். இலை இடுக்குகளில் புகும் ஒளி தரையைத் தொட்டுத் திரும்புவதால் காட்டுக்கு அடியிலுள்ள நிலமும் புலப்படுகிறது. முன்பு எடுத்த அளவையும் பின்பு எடுத்த அளவையும் ஒப்பிட்டால், எங்கே மண் போயிற்று, எங்கே குவிந்தது, எத்தனை கன மீட்டர் என்பது விளங்கிவிடும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஓசோவில் 2014 மார்ச் 22 அன்று மலை சரிந்து 43 பேர் மாண்டனர். அங்கு 2013இல் எடுத்த லேசர் அளவு கைவசம் இருந்ததால் சரிவைத் துல்லியமாக மதிப்பிட முடிந்தது. ஆனால் பழைய சரிவுகளின் தழும்புகள் அந்த அளவில் முன்பே பதிவாகியிருந்தும் அடிவாரத்தில் மக்கள் குடியிருந்தனர். அளந்தால் மட்டும் போதாது. அடிவாரத்தில் இருப்பவனுக்குச் சொல்லவும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மண்ணுக்குள் புதைந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து சரிவுகளில் வீடு கட்டிய நம்மவர் இத்தீவுகளிலும் உண்டு.

முதல் அளவு இல்லாமல் மாற்றத்தை அளக்க இயலாது. செலவைக் காட்டித் தட்டிக் கழிக்க வேண்டாம். தீவு முழுவதையும் ஒரே ஆண்டில் அளக்கச் சொல்லவில்லை. நெடுஞ்சாலை ஓரச் சரிவுகளிலும் குடியிருப்புகளுக்கு மேலுள்ள குன்றுகளிலும் தொடங்கட்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் துணையோடு நிர்வாகம் இதைச் செய்து, முடிவை ஊராட்சிதோறும் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த மழைக்கு முன் ஆவன செய்வார்களாக!