காலாவதியான கடனும் கேட்கப்படும் கையெழுத்தும்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்



வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கலாகாது, மிரட்டலாகாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லைப்படுத்தலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. கடனை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை வகுத்த அச்சுற்றறிக்கை, கேட்கப்படும் கடன் நீதிமன்றத்தில் இன்னும் செல்லுமா என்பதைக் கடனாளிக்குத் தெரிவிக்கும் பொறுப்பை எவர்மீதும் சுமத்தவில்லை. இம்மடல் அந்த விடுபாட்டைப் பற்றியது.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பிணையில்லாக் கடனைக் கோரி வழக்குத் தொடுக்கப் பொதுவாக 3 ஆண்டுகளே அவகாசம் உண்டு. அக்காலம் முடிவதற்குள் கடனாளி கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதற்கு அவருடைய கையெழுத்திலோ கையொப்பத்திலோ சான்று இருந்தாலோ, கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தமிழகத்துச் சிற்றூர்களில் இது எழுதப்படிக்கத் தெரியாதவரும் அறிந்த செய்தி: புரோநோட்டு காலாவதியாகும் முன் நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு, அதன் பின்புறத்தில் வரவு எழுதி, கடன் வாங்கியவரிடம் கையெழுத்துப் பெறுவது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். அங்கே கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே நாளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பர்.

வங்கிக் கடனில் அந்தச் சமநிலை இல்லை. வாராக்கடனை வங்கி தன் ஏடுகளிலிருந்து நீக்குவது தள்ளுபடி அன்று. அது கணக்கியல் நடவடிக்கை மட்டுமே என்பதால் வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அந்த உரிமையை, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு, அதாவது வாராக்கடன்களை விலைக்கு வாங்கி வசூலிக்கும் நிறுவனத்துக்கு, வங்கி விற்றுவிடவும் கூடும். பத்தாண்டுக்கு முன் வேலையிழந்து தவணையை நிறுத்திய ஒருவரை, அவர் ஒருபோதும் கேள்விப்படாத பெயரில் ஒரு நிறுவனம் அழைப்பதும், அசலைவிடப் பெரிதாக வளர்ந்த தொகையைச் சொல்வதும், உடனே பாதியாகக் குறைப்பதும் இவ்வாறுதான் நேர்கின்றன.

காலம் கடந்தபின் தொடுக்கப்படும் வழக்கை, எதிர்த்தரப்பு அக்காரணத்தை எழுப்பாவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. ஆயினும் கடன் அழிவதில்லை. வழக்கிடும் வழிதான் அடைபடுகிறது. ஸ்காட்லாந்தில் குறித்த காலம் கழிந்ததும் கடப்பாடே அற்றுப்போகும். இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆகவே முகவர் மரியாதையாகக் கேட்பதிலும், கடனாளி மனமுவந்து கொடுப்பதிலும் தவறில்லை. கடன் மிச்சம் வைக்கலாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் கொடுக்கவே விரும்புவர் என்பதை முகவர்களும் நன்கறிவர்.

சிக்கல் கையெழுத்தில் இருக்கிறது. காலாவதியான கடனைச் செலுத்துவதாக எழுத்தில் கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழி, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3)-ஆம் பிரிவின்படி செல்லத்தக்க புதிய ஒப்பந்தமாகிறது. முன்பு தொடுக்க இயலாதிருந்த வழக்கை அதன் வலுவில் தொடுக்கலாம். காலம் கடந்தபின் வெறுமனே ஆயிரம் ரூபாய் செலுத்துவது காலவரையறைச் சட்டப்படி கடனை உயிர்ப்பிக்காது; ‘செட்டில்மெண்ட்’ என்று நீட்டப்படும் தாளில், மொத்தப் பாக்கியையும் ஏற்றுச் செலுத்தச் சம்மதிப்பதாகப் பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்து, அதன்கீழ் கையொப்பமிட்டால், உயிர்ப்பிக்கக்கூடும். இந்த வேறுபாட்டை நீட்டுபவரின் நிறுவனம் அறியும். வாங்கிக் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் அறியார். அமெரிக்காவில் காலம் கடந்த கடனுக்கு வழக்குத் தொடுப்பதாக வசூல் நிறுவனங்கள் மிரட்டுவதையே 2021 நவம்பர் 30 முதல் நடுவண் விதி தடைசெய்திருக்க, இங்கே ‘கோர்ட் நோட்டீஸ் வரும்’ என்பதுதான் முகவரின் முதல் வாக்கியம்.

ஆளுநர் அவர்கள் செய்யக்கூடியது சட்டத் திருத்தம் அன்று, ஓர் அறிவுறுத்தல். பழைய கடனைக் கோரும் முதல் கடிதம் கடனாளியின் மொழியில் அமைந்து, கடன் இப்போது யாரிடம் உள்ளது, கடைசியாகப் பணம் செலுத்திய நாள் எது, வழக்கிடும் காலம் கடந்ததா என்பவற்றைச் சொல்ல வேண்டும். காலாவதியான கடனுக்கு எந்தத் தாளில் கையொப்பம் பெறினும், அது புதிய பொறுப்பை உண்டாக்கும் என்ற எச்சரிக்கை கையொப்பத்துக்கு நேர் மேலே அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். இவையின்றிப் பெற்ற கையொப்பத்தைக் கொண்டு வங்கியோ கடனை வாங்கிய நிறுவனமோ வழக்கிடலாகாது. இதனால் செலவு பெருகும் என்ற வாதம் எழலாம். கடைசித் தவணை செலுத்திய நாளைப் பார்க்காமல் எந்த நிறுவனமும் பழைய கடனை விலைபேசி வாங்குவதில்லை.